பென்ஷன் வாங்கி ஊர் திரும்பும் முன்: பட்டாளத்துப் பிள்ளைகளை ஆயத்தப்படுத்துவது எப்படி

இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை இடமாறுதல் உத்தரவு வருவதும், வீடு முழுவதும் கறுப்பு டிரங்குப் பெட்டிகளுக்குள் அடங்குவதும், பிள்ளைகள் மாற்றுச் சான்றிதழோடு புதிய பள்ளிக்கூடத்து வாசலில் நிற்பதும் படைவீரர் குடும்பங்களுக்குப் பழகிப்போன காரியங்கள். என் கணவர் 24 ஆண்டுகள் ராணுவத்தில் இருந்து ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். எங்கள் மகள் எட்டாம் வகுப்புக்கு வருவதற்குள் நான்கு கன்டோன்மென்ட்டுகளையும் (ராணுவக் குடியிருப்புப் பகுதிகள்) ஐந்து பள்ளிகளையும் பார்த்துவிட்டாள். ஆனால் அவளை மிகவும் வாட்டிய இடமாற்றம் செகந்தராபாத்திலிருந்து பதான்கோட்டுக்குப் போனதல்ல. ஜான்சியிலிருந்து தாராபுரத்துப் பக்கம் இருக்கும் எங்கள் சொந்த ஊருக்கு வந்ததுதான்.

காரணம் எளிது. கன்டோன்மென்ட் பள்ளியில் எந்த வகுப்பிலும் நான்கைந்து புதுப் பிள்ளைகள் இருப்பார்கள். ஆசிரியைக்கும் அது பழக்கம், பக்கத்துக் குவார்ட்டர்ஸ்காரிக்கும் அது பழக்கம், சாமான் இறங்கிய அன்றே சப்பாத்தியும் சப்ஜியும் கொண்டுவந்து கொடுத்துவிடுவாள். ஊரிலோ பால்வாடியிலிருந்து ஒன்றாகவே வளர்ந்த பிள்ளைகளுக்கு நடுவில் நம் பிள்ளை ஒன்றுதான் புதிது. அதைவிட, அதை ஒரு இடமாற்றமாகவே யாரும் எண்ணுவதில்லை. “சொந்த ஊருக்கு வந்தாச்சு, இனி என்ன கவலை” என்று பெரியவர்கள் நிம்மதிப் பெருமூச்சு விடும் அதே வேளையில், அந்தப் பிள்ளை தன் வாழ்நாளிலேயே மிகவும் அந்நியமான இடத்தில் நின்றுகொண்டிருக்கிறது. 18, 19 வயதில் சேர்ந்த சிப்பாய் நாற்பதை ஒட்டிய வயதில் பென்ஷன் வாங்கிவிடுவதால், பிள்ளைகள் பெரும்பாலும் ஐந்தாம் வகுப்புக்கும் பத்தாம் வகுப்புக்கும் இடையில் இருக்கும்போதுதான் இந்தத் திரும்புதல் நேர்கிறது. ஆகவே ஒவ்வொரு இடமாறுதலையும் கையாளும்போதே கடைசி இடமாறுதலையும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதே நான் சொல்ல வருவது.

உத்தரவு வந்த நாளில்

போஸ்டிங் உத்தரவு கைக்கு வந்ததும் பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுங்கள். பரீட்சை முடியட்டும், சாமான் கட்டும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று மறைப்பது பெற்றோருக்கு வசதியே தவிர, பிள்ளைக்கு நன்மையன்று. குவார்ட்டர்ஸ் வாழ்க்கையில் ரகசியம் நிற்காது. மைதானத்தில் விளையாடும்போது வேறொரு பிள்ளை வாயிலாகத் தெரிந்துகொண்டு வந்தால், இடம் மாறுவதைவிட நீங்கள் மறைத்ததுதான் அதற்கு வலிக்கும். ஐந்து ஆறு வயதுப் பிள்ளைக்குத் தேதி புரியாது. “இன்னும் ஏழு ஞாயிற்றுக்கிழமை” என்று சொல்லிக் காலண்டரில் ஒவ்வொன்றாக அடிக்கச் சொன்னால் புரியும்.

அப்பாவின் எண்ணும் பதவியும் பெயரும் வெள்ளைப் பெயின்டில் எழுதிய டிரங்குப் பெட்டிகளோடு, பிள்ளைக்கென்று ஒரு சிறிய பெட்டி வாங்கி அதன்மேல் பிள்ளையின் பெயரை எழுதிக் கொடுங்கள். அதற்குள் என்ன போக வேண்டும் என்பது பிள்ளையின் முடிவு. எங்கள் மகன் பதான்கோட்டில் உடைந்த கிரிக்கெட் மட்டையின் கைப்பிடியையும், செங்கல் துண்டு ஒன்றையும் வைத்தான். எடை கூடுகிறதே என்று நான் செங்கல்லை எடுத்துப் போட்டுவிட்டேன். ஜபல்பூரில் பெட்டியைத் திறந்ததும் அவன் தேடியது அதைத்தான். அவர்கள் விளையாட்டில் அதுதான் ஸ்டம்பாம். இரண்டு கிலோ எடைக்காக அப்படிச் செய்திருக்க வேண்டியதில்லை. புதிய வீட்டில் அடுப்பங்கரைச் சாமானுக்கு முன்னால் அந்தப் பெட்டியைத்தான் முதலில் பிரிக்க வேண்டும்.

விடைபெறுவதற்கும் நேரம் ஒதுக்குங்கள். மூவ்மென்ட் நெருக்கடியில் பள்ளியின் கடைசி நாளை விட்டுவிட்டுப் பயணச்சீட்டுக்கு அலைவோம். அந்தக் கடைசி நாள் பிள்ளைக்குக் கட்டாயம் வேண்டும்.

காகிதங்கள்

இதில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஆனால் அலட்சியம் வேண்டாம். பிள்ளை பிறந்தபோது யூனிட்டில் பார்ட் டூ ஆர்டரில் (குடும்ப விவரங்களைப் பதிவு செய்யும் ராணுவ ஆணை) பதிவான பெயரும் பிறந்த தேதியும், பிறப்புச் சான்றிதழிலும் ஆதாரிலும் பள்ளிப் பதிவேட்டிலும் ஓர் எழுத்துகூட மாறாமல் இருக்கின்றனவா என்று பாருங்கள். நம் இனிஷியல் வழக்கம் வடக்கே புரியாமல், அப்பாவின் பெயரைக் குடும்பப் பெயராக எழுதிவிடுவார்கள். எங்கள் மகள் ஒரு பள்ளியில் ஓராண்டு முழுவதும் தன் அப்பாவின் பெயராலேயே அழைக்கப்பட்டாள். பிறகு அதைத் திருத்த மூன்று விடுப்புகள் செலவாயின.

சாதிச் சான்றிதழையும் பிறப்பிடச் சான்றிதழையும் விடுப்பில் வரும்போதே இ-சேவை மையம் வழியாக வாங்கி வைத்துவிடுங்கள். வெளிமாநிலத்தில் படித்த பிள்ளைக்குத் தமிழ்நாட்டுப் பொறியியல் சேர்க்கையின்போது பிறப்பிடச் சான்றிதழ் கேட்கப்படும். பிள்ளைகளின் படிப்புக்கென அரசு தரும் கல்விப்படிக்கு உரிய பள்ளிச் சான்றைப் பழைய பள்ளியிலிருந்து கிளம்பும் முன்பே வாங்குங்கள். அந்தப் படி ஒரு பிள்ளைக்கு மாதம் 2,250 ரூபாயாக இருந்து, அகவிலைப்படி ஐம்பது விழுக்காட்டைத் தொட்ட 2024 ஜனவரி முதல் 2,812 ரூபாய் 50 காசாக உயர்ந்தது, இரண்டு பிள்ளைகள் வரை கிடைக்கும். இடமாறுதல் உத்தரவுகளின் நகல்களையும் தூக்கிப் போடாதீர்கள். கேந்திரிய வித்யாலயாச் சேர்க்கையில் கடந்த ஏழு ஆண்டுகளில் எத்தனை முறை இடம் மாறினீர்கள் என்பது முன்னுரிமைக்குக் கணக்காகும்.

பாடத்தில் விழும் ஓட்டை

1963-இல் கேந்திரிய வித்யாலயா அமைப்பு தொடங்கப்பட்டதே, அடிக்கடி ஊர் மாறும் படைவீரர்கள், மத்திய அரசு ஊழியர்கள் ஆகியோரின் பிள்ளைகள் நாடு முழுவதும் ஒரே பாடத்திட்டத்தில் படிக்கட்டும் என்பதற்காகத்தான். ஒரு கேந்திரிய வித்யாலயாவிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவது ஒப்பீட்டளவில் எளிது. கொங்கு நாட்டில் கோயம்புத்தூரிலும் சூலூர் விமானப்படைத் தளத்திலும் அவை உண்டு. ஆயினும் பாடத்திட்டம் ஒன்றென்பதால் ஓட்டை விழாது என்று எண்ண வேண்டாம். ஒரு பள்ளியில் பின்னங்களைச் செப்டம்பரில் நடத்துவார்கள், இன்னொரு பள்ளியில் ஜூலையிலேயே முடித்திருப்பார்கள். ஆகஸ்டில் இடம் மாறிய பிள்ளை பின்னத்தைப் பார்த்ததே இல்லை என்ற நிலை வரும். வரலாற்றில் ஒரு பாடம் தவறினால் பெரிய இழப்பில்லை. கணக்கில் தவறினால் அது இரண்டாண்டு கழித்து இயற்கணிதத்தில் வந்து நிற்கும்.

ஆகவே கிளம்பும் முன் கணக்குப் புத்தகத்தின் பொருளடக்கத்தில், நடத்தி முடித்த பாடங்களுக்கு நேராக ஆசிரியரிடமே ஒரு குறி போட்டு வாங்குங்கள். புதிய பள்ளியின் கணக்கு ஆசிரியரிடம் அந்தப் பக்கத்தைக் காட்டினால், எங்கே இடைவெளி என்பது அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். எல்லாப் பாடத்துக்கும் டியூஷன் வைத்துப் புது ஊரின் முதல் மாத மாலைகளைப் பறித்துவிடாதீர்கள். அந்த மாலைகளில்தான் பிள்ளை கூட்டாளி பிடிக்கிறது.

தமிழ்

இதில்தான் பெரும்பாலான குடும்பங்கள் சறுக்குகின்றன, நாங்களும் சறுக்கினோம். கேந்திரிய வித்யாலயாவில் இந்தியும் ஆங்கிலமும் சமஸ்கிருதமும் படிக்கும் பிள்ளை, வீட்டில் தமிழ் பேசுகிறதே என்று நாம் திருப்தியடைந்துவிடுகிறோம். பேசுவது வேறு, வாசிப்பது வேறு. மாநிலப் பாடத்திட்டத்தில் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் தமிழ் 100 மதிப்பெண் தாள், தேர்ச்சிக்கு 35 வேண்டும், பிற்பாடு டி.என்.பி.எஸ்.சி. தேர்வு எழுத நினைத்தாலும் தமிழ்த் தகுதித் தாளில் நாற்பது விழுக்காடு எடுக்காமல் மற்ற விடைத்தாள் திருத்தப்படாது. எழுத்துக் கூட்டி வாசிக்கும் பிள்ளையை ஒன்பதாம் வகுப்பில் கொண்டுவந்து இதற்குள் தள்ளுவது அநியாயம்.

செய்ய வேண்டியது நாளுக்கு இருபது நிமிடம், அவ்வளவுதான். ஆனால் ஏழு வயதில் தொடங்க வேண்டும். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. தமிழ் இணையக் கல்விக்கழகமும் வெளியில் வாழும் பிள்ளைகளுக்கென்றே பாடங்கள் வைத்திருக்கிறது. 247 எழுத்துகளையும் வரிசையாக மனப்பாடம் செய்யவைத்துச் சலிப்பூட்டாமல், அப்பாருக்கும் (தாத்தா) அம்முச்சிக்கும் (அம்மாவின் அம்மா) வாரம் ஒரு கடிதம் எழுத வையுங்கள். நான்கு வரி போதும். அப்பாரு தம் நடுங்கும் கையெழுத்தில் பதில் போட்டால் அதை வாசிக்கப் பிள்ளை தானே முயலும். அப்பா பீல்டில் (எல்லைப் பணியில்) இருந்து, சிக்னல் கிடைக்கும் நாள்களில் அழைக்கும்போது, ஒரு பத்தியைத் தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லலாம். மதிப்பெண் எவ்வளவு என்று கேட்டுக் கிடைத்த ஐந்து நிமிடத்தையும் கெடுத்துக்கொள்வதைவிட இது மேல்.

இன்னொன்றும் உண்டு: நூல் தமிழ் வேறு, ஊர்ப் பேச்சு வேறு. ஊருக்கு வந்த முதல் வாரத்தில் ஆத்தா (அப்பாவின் அம்மா) எங்கள் மகளிடம், “பொடக்காளிக்குப் போயி மூஞ்சி கழுவிட்டு வா அம்மிணி” என்றார். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவுக்குப் போய், காளி கோயில் எந்தப் பக்கம் என்று ஒருவரிடம் கேட்டிருக்கிறாள். வீட்டின் பின்புறத்துக்கு அப்படியொரு பெயர் இருப்பதை நான் ஒருநாளும் அவளுக்குச் சொன்னதில்லை; குவார்ட்டர்ஸில் பொடக்காளி ஏது? அன்று மாலைக்குள் அந்தக் கதை ஊர் முழுவதும் பரவிவிட்டது. சிரித்தவர்கள் வஞ்சமாகச் சிரிக்கவில்லை என்றாலும், பதின்மூன்று வயதில் அந்த வேறுபாடு தெரிவதில்லை. ஒறம்பரை (விருந்தாளி), கட்டுத்தறி (மாடு கட்டும் இடம்), சீமாறு (துடைப்பம்), ஆசாரம் (வீட்டுக் கூடம்), வேசகாலம் (கோடை), நோம்பி (திருவிழா) என்று வீட்டில் நீங்கள் பேசாமல் விட்டுவிட்ட சொற்களை வெளியூரில் இருக்கும்போதே மீண்டும் பேசத் தொடங்குங்கள். “ங்க” போட்டுப் பேசுவதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அது இல்லாவிட்டால் நம் பக்கத்தில் பிள்ளைக்கு மரியாதை தெரியவில்லை என்பார்கள்.

ஊரில் அதற்கென்று ஒன்று

விடுப்பில் வரும்போது கல்யாணம், காதுகுத்து, கோயில் என்று பிள்ளைகளை இழுத்துக்கொண்டு அலைவதே வழக்கம். ஒவ்வொரு விடுப்பிலும் நான்கு நாள்களாவது எங்கேயும் போகாமல் தோட்டத்துச் சாளையிலேயே (தோட்டத்து வீட்டிலேயே) இருங்கள். பிள்ளைக்குச் சொந்தம் என்று அங்கே ஏதேனும் ஒன்று இருக்கட்டும். எங்கள் மகனுக்கு அப்பாரு ஒரு காங்கேயம் கன்றைக் காட்டி, இது உன்னுடையது என்றார். செந்நிறக் கன்று, அவன் அதற்குப் பெயரும் வைத்தான், ஜபல்பூர் பள்ளியில் படம் வரைந்தும் காட்டினான். அடுத்த ஆண்டு வந்து கட்டுத்தறிக்கு ஓடியவன், சாம்பல் நிறத்தில் நின்ற காளையைப் பார்த்துவிட்டு, என் கன்றை விற்றுவிட்டீர்கள் என்று அழுதான். காங்கேயம் கன்றுகள் சிவப்பாகப் பிறந்து சில மாதங்களில் சாம்பல் நிறத்துக்கு மாறுபவை என்பது எங்களுக்கெல்லாம் தெரிந்ததாகையால், அதை அவனிடம் சொல்ல வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அப்பாரு காளையின் காதிலிருந்த பழைய வெட்டுத் தழும்பைத் தொட்டுக் காட்டிய பிறகுதான் நம்பினான். இன்று அந்த ஊரில் அவனுக்கு நெருக்கமான முதல் ஆள் அந்தக் காளைதான்.

ஊர் திரும்பும் ஆண்டு

பென்ஷன் தேதி முன்கூட்டியே தெரிந்த ஒன்று. ஆகவே இரண்டாண்டுக்கு முன்பே கணக்குப் போடலாம். மாநிலப் பாடத்திட்டப் பள்ளிகள் ஜூனில் தொடங்குகின்றன, சி.பி.எஸ்.இ. பள்ளிகள் ஏப்ரலில் தொடங்கிவிடுகின்றன. மாநிலப் பள்ளியில் சேர்ப்பதானால் ஆறாம் வகுப்புக்கு முன்பே ஊருக்கு வருவது நல்லது. மருத்துவம், பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளில் உள்ள 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு ஆறு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் படித்தவர்களுக்கானது என்பதும், கேந்திரிய வித்யாலயாப் படிப்பு அதில் சேராது என்பதும் பலருக்குத் தாமதமாகவே தெரியவருகிறது. ஆறாம் வகுப்பைத் தாண்டிவிட்டால் பத்தாம் வகுப்பு வரை சி.பி.எஸ்.இ.யிலேயே விட்டுவிடுங்கள் என்பது என் கருத்து. முன்னாள் படைவீரர் பிள்ளைகளுக்கும் கேந்திரிய வித்யாலயாவில் முன்னுரிமை உண்டு. உடுமலைக்கு அருகே அமராவதிநகரில் 1962 முதல் இயங்கும் சைனிக் பள்ளியில் (படைப்பணிக்குத் தயார்படுத்தும் விடுதிப் பள்ளி) ஆறாம் வகுப்புக்கும் ஒன்பதாம் வகுப்புக்கும் நுழைவுத்தேர்வு வழியாகச் சேர்க்கிறார்கள். பெண் பிள்ளைகளுக்கும் இப்போது இடம் உண்டு. ஆனால் ஆண்டுக்கணக்கில் அப்பாவைப் பிரிந்திருந்த பிள்ளையை, அப்பா வீடு திரும்பும் அதே ஆண்டில் விடுதிக்கு அனுப்புவதற்கு முன் ஒருமுறைக்கு இருமுறை யோசியுங்கள்.

பள்ளியில் சேர்க்கும்போது வகுப்பாசிரியரைத் தனியாகப் பார்த்து, முதல் நாளில் பிள்ளையை வேடிக்கைப் பொருளாக்க வேண்டாம் என்று பணிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். எங்கள் மகளை முதல் நாளே முன்னால் நிறுத்தி, “இந்தியில் நாலு வார்த்தை பேசு பார்க்கலாம்” என்றார்கள். ஆசைப்பட்டுக் கேட்டதுதான். அன்றிலிருந்து ஆறு மாதம் அவளுக்கு அந்த வகுப்பில் ‘இந்திக்காரி’ என்று பெயர்.

பெண் பிள்ளைகளுக்கு இன்னொரு சுமையும் சேரும். கன்டோன்மென்ட்டில் இருட்டும்வரை சைக்கிள் ஓட்டி, பையன்களோடு பூப்பந்து ஆடிய பெண்ணிடம், ஊருக்கு வந்த மறுநாளே “பொட்டப்புள்ள இந்நேரத்துல எங்க போறே” என்று கேட்பார்கள். கேட்பவர் உறவினர் என்பதால் நாமும் வாயை மூடிக்கொள்கிறோம். வாயை மூடாதீர்கள். எது வரை போகலாம், எத்தனை மணிக்குத் திரும்ப வேண்டும் என்பதை அப்பாவும் அம்மாவும் சேர்ந்து தீர்மானித்துப் பெரியவர்கள் முன்னிலையிலேயே சொல்லிவிட்டால், அதற்குப் பிறகு பிள்ளையைத் தனியாக மடக்கிக் கேட்பது குறையும். அதேபோல், இரண்டாவது வாரத்தில் எங்கள் மகன் பள்ளியிலிருந்து வந்து, “நாம என்ன ஆளுங்கம்மா?” என்று கேட்டான். குவார்ட்டர்ஸ் வாழ்க்கையில் அவன் காதில் விழாத கேள்வி. “யார் கேட்டது?” என்று சீறாமல், கேட்பவர்கள் ஏன் கேட்கிறார்கள், அதற்குப் பதில் சொல்ல அவன் கடமைப்பட்டவன் அல்லன் என்பதை அவன் வயதுக்கேற்ப எடுத்துச் சொன்னோம். அந்தப் பேச்சை ஊருக்கு வரும் முன்பே பேசியிருக்க வேண்டும்.

அப்பாவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஆண்டுக்கு இரண்டு மாத விடுப்பில் மிட்டாயும் கேன்டீன் சாமானுமாக வந்து போனவர், இப்போது காலை ஐந்தரை மணிக்கு எல்லோரையும் எழுப்புகிறார். அவரும் யூனிட்டைப் பிரிந்து வந்தவர். பேச ஆளில்லை, பொழுது போகவில்லை, பிள்ளைகளின் படிப்பு அவர் கண்ணில் படுகிறது. முதல் மூன்று மாதம் மதிப்பெண், தலைமுடி, தூங்கும் நேரம் ஆகிய மூன்றிலும் புதிய உத்தரவு போடுவதில்லை என்று கணவரிடம் பேசி வைத்துக்கொள்ளுங்கள். நீங்களும், “அப்பா வரட்டும், சொல்லிக்கொடுக்கிறேன்” என்று இத்தனை ஆண்டு மிரட்டி வந்திருந்தால், அதன் விளைச்சலை இப்போதுதான் அறுப்பீர்கள்.

எப்போது கவலைப்பட வேண்டும்

சிறு பிள்ளை மீண்டும் படுக்கையை நனைப்பதும், பள்ளி நாள் காலையில் மட்டும் வயிறு வலிப்பதும், பெரிய பிள்ளை அறைக்கதவைச் சாத்திக்கொள்வதும் முதல் இரண்டு மாதங்களில் இயல்பு. அதைத் தாண்டியும் நீடித்தாலோ, சாப்பாடும் தூக்கமும் குலைந்தாலோ, வாழப் பிடிக்கவில்லை என்பது போன்ற பேச்சு ஒருமுறை வந்தாலோ காத்திருக்கக் கூடாது. டெலி-மானஸ் எனும் அரசின் மனநல ஆலோசனை எண் 14416, சிறுவர் உதவி எண் 1098, இரண்டும் கட்டணமில்லாதவை. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் பெயரைப் பதிவு செய்யும்போதே, உங்கள் பகுதியில் அண்மையில் திரும்பிய வேறு குடும்பங்கள் உள்ளனவா என்றும் கேளுங்கள். ஒரே ஒரு வீடு கிடைத்தாலும் போதும், அந்தப் பிள்ளைகளுக்குள் விளக்கம் தேவைப்படாது.

ஆனால் என்னை அதிகம் ஏமாற்றியது அழுத பிள்ளையல்ல, அழாத பிள்ளை. “எனக்கு எந்த ஊரானாலும் சரிங்கம்மா” என்று சொல்லும் பிள்ளையைப் பார்த்துப் பெருமைப்பட்டோம். எப்படியும் பிரியப்போகிறோம் என்று தெரிந்துகொண்டு, யாரோடும் நெருங்காமல் இருக்கப் பழகிய பிள்ளையும் அதையேதான் சொல்லும். நான்கு மாதமாகியும் வீட்டுக்கு ஒரு தோழியும் வரவில்லை, ஒரு பெயரும் பேச்சில் அடிபடவில்லை என்றால், அடக்கமான பிள்ளை என்று விட்டுவிடாமல் நீங்களே ஒருத்தியை ஞாயிற்றுக்கிழமை அரிசியும் பருப்பும் சாதத்துக்குக் கூப்பிடுங்கள். எங்கள் மகளுக்கு முதல் தோழி அப்படித்தான் வந்தாள், தட்டில் நெய் ஊற்றும்போது.

பழைய நட்பை அறுத்தால்தான் புதியது ஒட்டும் என்று சிலர் சொல்வார்கள், நான் ஏற்பதில்லை. எங்கள் வீட்டில் ஞாயிறு மாலை அரை மணி நேரம் ஜான்சித் தோழிகளோடு வீடியோ அழைப்புக்கு உரியது. அந்த அரை மணி நேரம் ஆசாரம் முழுக்க இந்திதான் கேட்கும். முதலில் முகம் சுளித்த ஆத்தா இப்போது வெற்றிலையை மடித்துக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். யாராவது உள்ளே வந்து என்ன சத்தம் என்று கேட்டால், “புள்ள ஊருல இருந்து கூப்புட்டுருக்காங்க, பேசட்டும் உடு” என்கிறார்.